உள் பூட்டு

அமுதவல்லி சர்வரை அணைத்தது ஆயுதபூஜைக்காக. பிற்பாடு அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்திருந்தாலும், பெட்டியின் நெற்றியில் காய்ந்து கிடந்த சந்தனமும் குங்குமமும் காட்டிக் கொடுத்திருக்கும்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கின் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. சுனாமி வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கடலோரத்து ஒன்பது ஊர்களில் சைரன் பெட்டி வைத்து, அத்தனையையும் ஒயர்லெஸ் மூலம் மாடியில் இருந்த ஒரே சர்வரோடு இணைத்திருந்தது. கடல் மோசம் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தால் அமுதவல்லி சர்வர் வழியாக ஒரு செய்தி அனுப்புவாள். ஒன்பது ஊரிலும் சைரன் அலறும். அவள் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர்களின் மகள். தபாலில் பி.சி.ஏ. முடித்தவள். அனுமந்தைக் குப்பத்து தேசப்பனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். தேசப்பன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன்.

பெட்டி வைத்த புதிதில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தியதும் அவள்தான். "பெட்டி கத்துச்சுன்னா கடல் பக்கமே போகாதீங்க. பெட்டி சும்மா இருந்துச்சுன்னா தைரியமா போங்க." அந்த இரண்டாவது பேச்சைப் பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் அப்போது குப்பமே மிரண்டு கிடந்தது, வலையைத் தொட ஆள் இல்லை, யாராவது தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள், அவர்களும் நம்பினார்கள். வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கிளம்பிய மனிதர்கள் அப்புறம் பெட்டியைப் பார்த்துக் கிளம்பினார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் எந்தத் தகவலும் இல்லாமல் சைரன் அலறியது. ஜனங்கள் விழுந்தடித்து ஓடியதில் ஒருத்திக்குக் கால் ஒடிந்தது. யார் செய்த வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாத இடத்தில் யாரையாவது கைகாட்ட வேண்டுமே, சென்னை ஆபீஸ் பலராமனைக் கைகாட்டியது. சர்வரை நிறுவியவர் அவர்தான், பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். 'அவரைத் தவிர வேறு எவருக்கும் பாஸ்வேர்டு தெரியாது' என்று எழுதிய தாளில் அமுதவல்லியும் கையெழுத்துப் போட்டாள். எழுதியிருந்தது உண்மைதான். அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. பலராமன் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்துச் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. கீஸ்டோர் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், பழையது எங்கேயும் இருக்கக் கூடாது. கீஸ்டோர் என்பது சர்வருக்குள் இருக்கும் பெட்டகம். அதற்குள் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி முத்திரை போட்ட செய்தியை மட்டுமே ஊர்ப் பெட்டிகள் நம்பும். ஆயுதபூஜைக்கு ஐந்து நாள் முன்னால் அமுதவல்லி புது பாஸ்வேர்டு வைத்தாள். சர்வர் படிக்கிற ஃபைலிலும் புதியதை எழுதினாள். துண்டுத் தாளைக் கொளுத்தி ஜன்னலுக்கு வெளியே ஊதினாள். சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறவனிடம் கதவு எதற்குச் சாவி கேட்கப்போகிறது?

பூஜையன்று வாட்ச்மேன் சுப்ராயன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "எல்லாத்துக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கணும்மா. மண்வெட்டிக்கே குடுக்கறோம், இதுக்கு இல்லியா?" அன்றைக்கு எந்தப் படகும் போகாது. அமுதவல்லி சிரித்துக்கொண்டே அணைத்தாள். உப்புக் காற்றில் துருவேறிய அதன் திருகாணிகளுக்கெல்லாம் அவர் பொட்டு வைத்தார்.

மறுநாள் விஜயதசமியும் விடுமுறைதான். சர்வரைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு மணிக்கு வந்தாள். படியேறும்போதே போன் அடித்தது. சென்னை. காற்று திடீரென்று திசை மாறியிருக்கிறது, மூன்று மணிக்குள் கடல் கொந்தளிக்கும், ஒரு படகும் இறங்கக் கூடாது. "சரிங்க சார், இப்பவே அனுப்பிடறேன்" என்று வைத்தாள். அனுமந்தைப் படகுகள் இறங்குவது இரண்டு மணிக்கு.

சர்வர் எழுந்திருக்கவில்லை. சாவியை மீட்க முடியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி அதே வரி. மூன்றாவது தடவைதான் அவளுக்கு உறைத்தது. பெட்டகத்துக்கு ஒரு பூட்டு. உள்ளே இருக்கிற சாவிக்குத் தனியாக இன்னொரு பூட்டு. பீரோவும் அதற்குள் லாக்கரும் மாதிரி. பலராமன் இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார். அவள் மாற்றியது வெளிப் பூட்டை மட்டும். உள் பூட்டுக்கு உரியதைத்தான் கொளுத்தி ஊதிவிட்டிருக்கிறாள். புதுச் சாவி செய்தும் பயனில்லை, ஊர்ப் பெட்டிகளுக்குப் பழைய முத்திரை மட்டும்தான் தெரியும்.

கொளுத்திய பாஸ்வேர்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பதினான்கு எழுத்து. நாலைந்துதான் ஞாபகத்தில் நின்றது, அதுவும் முன்னும் பின்னுமாக. அடித்துப் பார்த்தாள், ஆகவில்லை.

சுப்ராயன் லேண்ட்லைனில் உட்கார்ந்து ஊர் ஊராகச் சொன்னார். எட்டு ஊரில் ஆள் கிடைத்தது. அனுமந்தைக் குப்பத்தில் இருந்த ஒரே போன் மழையில் செத்து இரண்டு நாள். ரோட்டுக் கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது. விஜயதசமி, கடை பூட்டு. தேசப்பனிடம் செல்போன் கிடையாது. "நான் வண்டியில போறேம்மா" என்றார் சுப்ராயன். அவருடைய மொபெட்டில், இந்த எதிர்காற்றில், அனுமந்தைக்கு முக்கால் மணி நேரம். மணி ஒன்று நாற்பது. இருந்தாலும் போகச் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்களை மூடியிருந்த ஓலை படபடவென்று அடித்தது. இந்நேரம் தேசப்பன் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பான். எவனாவது, காத்து ஒரு மாதிரி இருக்குதேப்பா என்பான். தேசப்பன் என்ன சொல்வான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெட்டி சும்மாதானடா இருக்குது, என் பொண்டாட்டி பார்த்துக்குவா.

பலராமனின் நம்பர் செல்போனில் இருந்தது. அழிக்கச் சொல்லியும் அழிக்காமல் விட்டது. அவருக்குப் பாஸ்வேர்டு மறக்காது என்று பயந்துதான் மாற்றினார்கள். இப்போது மறந்திருப்பாரோ என்று பயந்துகொண்டு அவருக்கே போன் போட்டாள்.

அவர் மனைவி விஜயலட்சுமி எடுத்தாள். "அமுதாவா? ரெண்டு மாசமா வேலை இல்லாம வீட்டுல இருக்கறார். உன் மேல அவருக்குக் கோபம் இல்ல. எனக்கு இருக்குது."

"அக்கா, படகு கிளம்பப் போவுது. அவர்கிட்ட குடுங்க அக்கா."

விஜயலட்சுமி போனை வைத்துவிட்டாள் என்றுதான் அமுதவல்லி நினைத்தாள். அப்புறம் பலராமன் குரல் வந்தது. அமுதவல்லி பூஜையிலிருந்து ஒன்று விடாமல் கொட்டினாள், தாளைக் கொளுத்தியது உட்பட. கையெழுத்துப் போட்டதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அது அவருக்குத் தெரியும்.

"உள் பாஸ்வேர்டை மாத்தலியா நீ" என்றார். திட்டவில்லை. "பேப்பர்ல எழுதாத. நேரா அடி. சின்ன எம். பெரிய ஆர். ஏழு..."

பதினான்கையும் மூச்சு வாங்காமல் சொன்னார். இரண்டு மாதமாக அதை மறக்கத்தான் முயற்சி பண்ணியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசி எழுத்தை அடித்தாள். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. சர்வர் எழுந்தது. இரண்டு மணி ஆக நான்கு நிமிடம் இருக்கையில் செய்தி போனது.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பொத்தான் உண்டு. கேட்டாச்சு என்பதற்கு ஒன்று, படகெல்லாம் கரையில் என்பதற்கு இன்னொன்று. எட்டு ஊரும் சீக்கிரமே இரண்டையும் அழுத்திவிட்டன. அனுமந்தைப் பெட்டி சகாயமேரியின் பொறுப்பு. அவள் முதல் பொத்தானை அழுத்தினாள். இரண்டாவது வரவில்லை.

"அனுமந்தை?" என்றார் பலராமன். போனை அவர் வைக்கவே இல்லை.

"கேட்டாச்சுன்னு வந்திருக்குது. கரைன்னு வரல."

"வரும். இரு."

ஐந்து நிமிடம் போனது. எட்டு நிமிடம். சீக்கிரமே தள்ளிவிட்டார்களோ? அலையைத் தாண்டிய பிறகு எஞ்சின் சத்தத்தில் சைரன் காதில் விழுந்திருக்குமா? பலராமன் மூச்சு விடுவது மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் தானும் விழுந்துவிடுவோம் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது.

பதினொன்றாவது நிமிடம் இரண்டாவது விளக்கு பச்சையானது.

"வந்துடுச்சுண்ணா" என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சார் சார் என்று கூப்பிட்டவள், தெரியாமலேயே அண்ணா என்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "அண்ணா, அந்தத் தாள்ல நான் கையெழுத்து..."

"அது இருக்கட்டும்மா" என்று பலராமன் குறுக்கே வந்தார். "முதல்ல உள் பாஸ்வேர்டை மாத்திடு. இப்பவும் எனக்குத் தெரியுது பாரு."