சுருக்குக்காரர் ஏறிய கூரை

மதிற்சுவரை உரசியபடி படகு நின்றது. எதிரே தகரக் கூரையின் உச்சியில் ஒரு செவலை நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு உடுப்புப் போட்ட தொண்டர்கள் காலையிலிருந்து பிஸ்கட்டைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். கையை நீட்டினால் போதும், நாய் கூரையின் மறுபக்கம் ஓடும். அந்தப் பக்கம் வெள்ளம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் ஓடியது. அணையில் இன்னும் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த பிறகுதான், நகராட்சிக்காக ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கூலிக்கு நாய் பிடிக்கிறவரின் நினைவு வந்தது அவர்களுக்கு.

சுருக்கு என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். நீளக் கம்பு, நுனியில் சுருக்குக் கயிறு, பின்னால் ஒரு கூண்டு வண்டி. அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் ஊளையிடும். மனிதர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி, செவலையை வளர்க்கும் தையல்காரம்மா, இப்போது அவரோடு அதே படகில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன மாசந்தான் நான் நாசமாப் போகணும்னு மண்ணை வாரித் தூத்தினீங்க" என்றார் அவர்.

"அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அவளை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?" என்றவள் கம்பைப் பார்த்து மிரண்டாள். "கழுத்துல மாட்டினா செத்துருமே!"

"கழுத்துல மட்டும் மாட்டினாத்தான் சாகும். ஒரு முன்னங்காலையும் சேத்து மாட்டணும். என் கையில ஒண்ணுகூட கழுத்து இறுகிச் செத்ததில்லம்மா."

அதுவரை இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார்.

தகரம் நெளியாத இடமாகப் பார்த்து அவர் குப்புறப் படுத்து ஏறினார். நாயை நேராகப் பார்க்கவே இல்லை. கம்பைத் தகரத்தோடு ஒட்டி நகர்த்தி, நாய் ஓட எத்தனித்துக் காலைத் தூக்கிய நொடியில் சுண்டினார். கழுத்தும் காலும் சேர்ந்து சுருக்கில் விழுந்தன.

தப்பு நடந்தது படகில் இறங்கிய பிறகு. நாயை உள்ளே விட்டதும் அவருடைய இடது கை பழக்க தோஷத்தில் கூண்டுக் கதவைச் சாத்தப் பின்னால் போனது. அங்கே கதவும் இல்லை, கூண்டும் இல்லை. பிடி தளர்ந்த அந்தக் கணத்தில் நாய் அவர் மணிக்கட்டைக் கவ்வியது. அவர் கயிற்றைக் கழற்றி நாயைத் தையல்காரம்மா மடியில் வைத்தார். அவள் நாயையும் அவர் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் அவருடைய மனைவி அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறார் என்றுதான் இத்தனை காலமும் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். வாசலில் அவரை வரவேற்ற கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்தவள், கரிக் கையோடு ஓடிவந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தான்! நாய் பிடிக்கிறவர்!" என்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள். அவருக்கு மார்பு விம்மியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளே காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணி சுற்றி, மருத்துவ மேசைக்கு அழைத்துப் போனாள்.

நர்சம்மா தயங்கினார். "நாய்க்கடி ஊசி கொஞ்சந்தான் வந்திருக்கு. தொண்டருங்களுக்கு மட்டும்னு உத்தரவு. நீங்க ஒப்பந்தக்காரர் ஆளாச்சே, அவருல்ல ஏற்பாடு பண்ணணும்."

"அவர் போனை எடுக்கலீங்களே. பெரியாஸ்பத்திரியும் தண்ணியில நிக்குது" என்றாள் மனைவி.

"எனக்குப் புரியுதும்மா. என் கையில எதுவும் இல்ல."

மைதானத்திலிருந்து கால்நடை டாக்டர் கூப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் வாங்க! நீங்க பிடிச்சாத்தான் இதுங்க நிக்கும்."

மீட்ட நாய்கள் வரிசையாகக் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி. அவர் செவலையைத் தூக்கி மேசையில் நிறுத்தி, துணி சுற்றிய கையால் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டார். துணியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"ஆடாம நில்லு தாயி," என்றார் அதன் காதில். "எல்லாருக்கும் கெடைச்சுருமா இது?"