யூஜீனியா அக்கா பெட்டி பிரித்த வீடியோ

கற்பிட்டியில் கல்யாண வீடியோ என்றால் றொபின்சன். அந்த றொபின்சன் நான்தான். கோட்டைக்கு மேலால் ட்ரோன் விடுவேன். கேக் வெட்டும்போது வெளிச்சம் சரியில்லை என்றால், துண்டைத் திரும்ப ஒட்டவைத்து வெட்டச் சொல்லுவேன். இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

அப்படிப்பட்ட என் வீடியோவைப் பார்த்து, "இதில் இருப்பவர்கள் நடிக்கிறார்கள்" என்று ஒரு கம்பனி எழுதியது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்து வீட்டு யூஜீனியா அக்கா ஒன்லைனில் போன் வாங்கியதில் வந்த வினை. மகள் டயனா இத்தாலியில் இருக்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருந்தது. அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன். பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும் என்று, கருவாடு விற்றுச் சேர்த்த காசு முழுவதையும் போட்டார். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்திருந்தால்தான் பிழைக்குப் பொறுப்பு என்று கம்பனி சொல்லியிருந்தது. வீடியோ எடுக்க அக்காவிடம் போன் இல்லை. அது பெட்டிக்குள் அல்லவா இருந்தது! அதனால் என்னைக் கூப்பிட்டார்.

டேப்பை வெட்டிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டிகள் இரண்டு.

"மாதாவே!" என்று கத்தினார். அவருடைய புருஷன் கில்பட் அண்ணன் குறுக்கே பாய்ந்தார். படம் முழுக்க அவருடைய முதுகு.

"கட்! கட்! அண்ணன், முதுகு வந்திட்டு. அக்கா, கட்டியத் திரும்ப உள்ள வையுங்க. இன்னொருக்கா எடுப்பம்."

"இன்னொருக்கா திறந்தா சவுக்காரம் போனா மாறுமாடா?" என்றார் அண்ணன்.

ஆனாலும் வைத்தார்கள். நானே டேப் ஒட்டினேன். இரண்டாம் முறை அக்கா நான் காட்டிய இடத்தில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "ஐயோ" என்றார். அண்ணன் அவரைத் தாங்கிப் பிடித்தார். நான் சோக இசை சேர்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. டேப் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது, இருப்பவர்கள் நடிக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஒரேயொரு முறை தெரிவிக்கலாம்.

அக்கா என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல தம்பி, டயனா போட்டோ அனுப்புவாள்தானே" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

கம்பனிக்கு அழைத்தேன். றுஷ்னா என்று ஒரு பிள்ளை கதைத்தாள்.

"சேர், டேப்ப ஏன் ரெண்டு தரம் வெட்டினீங்க?"

"முதல் தரம் படம் வடிவா வரல்ல, தங்கச்சி."

அவள் கோரிக்கை இலக்கத்தை இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அந்த வடிவில்லாத படம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. இருட்டு, ஆட்டம், முதுகு, நடுவில் என் கழுதைக் குரல். பெட்டியின் இலக்கமும் வெட்டாத டேப்பும் கட்டிகளும் தெரிவது சில விநாடிகள்தான். இப்படி ஒன்றை றொபின்சன் எடுத்தான் என்று யாராவது அறிந்தால் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான். கம்பனி தந்த ஏழு நாளில் ஆறாம் நாள்வரை பொத்தி வைத்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதும், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வெட்டும் இல்லாமல் அனுப்பினேன்.

பணம் முழுவதும் திரும்பி வந்தது. அக்கா புத்தளத்தில் ஒரு கடைக்குப் போய், பெட்டியை அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

போன மாதம் பிள்ளை பிறந்தது. இத்தாலியிலிருந்து மருமகன் வீடியோ அழைப்பு எடுத்தான். நானும் பக்கத்தில் நின்றேன். முதலில் கூரை தெரிந்தது. பிறகு ஒரு தாதியின் முதுகு. பிறகு ஆட்டத்துக்கு நடுவே, இருட்டில், பாதி மூக்கும் ஒரு கண்ணும். வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொருக்கா காட்டச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

அக்கா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா தம்பி, மருமகன் எவ்வளவு வடிவா எடுக்கிறார்!"