இழுத்துப் பார்த்த தையல்

நூலின் ஒரு நுனியைக் கதவுப் பிடியில் முடிந்து, மறு நுனியை விரலில் சுற்றி, அவள் மறுபடியும் இழுத்தாள். அறுபடவில்லை. விரலில் பதிந்த கோடு சிவந்து, பிறகு ரத்தம் கசிந்தது.

உள்ளே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அப்பாவைக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாகிறது. வீட்டின் முன்பக்கத்துக் கடையை விட்டு அவள் நகரவில்லை.

"முகத்தைப் பாக்க வாயேன்டி," என்று சித்தி இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டாள்.

"வரேன் சித்தி."

கார் சீட்டு உறை தைக்கிற கடை. அப்பா வெட்டுவார், அவள் தைப்பாள். போன மாதம், அப்பா ஓட்டிப் பழகிய குட்டி விமானத்தின் இறக்கைத் துணியில் ஒரு சாண் கிழிசல். "வெளியில ஏன் குடுக்கணும்? என் பொண்ணு தைக்காத துணியா?" என்று அப்பா கழற்றிக்கொண்டு வந்தார். இதே மெஷினில், இதே நூலில் ஒட்டுப் போட்டவள் அவள்தான். எந்தத் தையலையும் போல அதையும் அப்பா இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். "யானையைக் கட்டலாம்," என்றார்.

நேற்று காலை அது அவரோடு விழுந்தது. தையல்தான் விட்டுப்போனது என்றால், எந்த முகத்தோடு அந்த முகத்தைப் பார்ப்பது?

ஐம்பத்திரண்டு வயதில் பறக்கக் கற்றுக்கொண்டவர். "காலமெல்லாம் அடுத்தவன் உக்கார சீட்டு தைச்சாச்சு. ஒண்ணுலயாவது நான் உக்கார வேண்டாமா?" என்பார். அம்மா அந்த விமானத்துக்குக் கொசு என்று பேர் வைத்திருந்தாள்.

"ரோட்டுல ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. இதுல ஆகாயத்துக்குப் போறாராம்."

"ஆகாயத்துல ரிவர்ஸே கிடையாது," என்பார் அப்பா.

தனியாக மேலே போனது நேற்றோடு மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் இறங்கி வந்து, "மாடிக்கு வந்து ஒரு கை காட்டக் கூடாதா?" என்று அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

பறக்கச் சொல்லித்தந்த வாத்தியார் கடை வாசலில் வந்து நின்றார்.

"சார், தையல் விட்டுப்போச்சா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பாதி உறை போட்ட சீட்டில் மெல்ல உட்கார்ந்தார்.

"இல்லம்மா. விழுந்த எடத்துக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். இறக்கை நொறுங்கிக் கெடக்கு. உன் ஒட்டு மட்டும் ஒரு இழை விடல."

"அப்ப என்னாச்சு?"

"நேராத்தான் போயிட்டிருந்தாரு. திடீர்னு தாழ எறங்கி, கீழ பாத்துக்கிட்டே இறுக்கித் திரும்பினாரு. அப்படித் திரும்பினா வேகம் செத்துடும்மா. அப்புறம் எதுவும் தாங்காது. புதுசா ஓட்டுறவங்க செய்யிற தப்பு. கீழ யாரு நின்னாலும் பாக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்." சற்று நிறுத்தினார். "யாரைப் பாத்தாரோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்படி இறங்கியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே கூடத்துக்குப் போனாள். அப்பாவின் நெற்றியில் ஒரு கீறல். மற்றபடி மதியத் தூக்கத்தில் இருக்கும் முகம்தான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா திரும்பாமலே, மெல்லிய குரலில் சொன்னாள்.

"நேத்து மாடிக்குப் போனேன்."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கொசு சத்தம் கேட்டுச்சு. என்னமோ தோணுச்சு. கொடியில கெடந்த மஞ்சப் போர்வைய எடுத்து ஆட்டினேன். தாண்டிப் போயிட்டாரு. பாக்கலன்னு நெனச்சேன். அப்புறம் திரும்பினாரு." அம்மாவின் விரல் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றியது. "வாத்தியார் என்ன சொன்னாரு?"

"எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொன்னாரும்மா."

"மரத்துக்குப் பின்னால மறையற வரைக்கும் சத்தம் கேட்டுச்சே."

சித்தி யாருக்கோ தண்ணீர் கொண்டுபோனாள். நூல் வெட்டிய தன் கையை மகள் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தையல்மா. என் தையல் பிரிஞ்சுடுச்சாம். அதான் எறங்கப் பாத்துத் திரும்பியிருக்காரு."

அம்மா இப்போதுதான் திரும்பினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"உன் தையல இழுத்துப் பாக்காம அவர் விட்டதே இல்லையே," என்றாள்.

பிறகு மறைத்த கையைத் தேடி எடுத்தாள். வெட்டுப்பட்ட விரலைக் கண்டதும் அதைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

மாடிப்படியில் சித்தி இறங்கி வந்தாள். கையில் மஞ்சள் போர்வை.

"தரையில கெடந்துச்சுக்கா. காத்துல விழுந்திருக்கும்," என்று அதை உதறி, நான்காக மடித்து, அப்பாவின் கால்மாட்டில் இருந்த நாற்காலியில் வைத்தாள்.