எல்லை லோபாக் வரை

கோலா சாவாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் கிராணி புனிதன். ஒரு நாள் அவன் மேசைமேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து நாலைந்து ரசீதுகளில் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆலையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கையெழுத்து முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியனுப்பினார்.

வேறு சமயமாக இருந்தால் புனிதன் வருத்தப்பட்டிருப்பான். இப்போது வருத்தப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஒரு முறை லோரியோடு தானும் எடைமேடையில் ஏறி நின்று, தன் எடையையும் குலைக் கணக்கில் ஆலைக்கு விற்றவன். சிரம்பான் பக்கம் லோபாக்கில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷஹீதாதான் அந்தக் கோளாறுக்கு ஒரு பெயர் சொல்லி, கவனத்தைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. குலையை எடை போட்டதோடு நிற்காமல் குலையிலிருக்கும் பழங்களையும் எண்ண ஆரம்பித்தான். காத்திருந்த லோரிகளின் வரிசை ரந்தாவ் டவுன் வரை போயிற்று. பசி மறந்தது, இடுப்பில் சிலுவார் நிற்கவில்லை, நெஞ்சு உருமி மேளமாக அடித்தது, ரத்த அழுத்தம் ஏறியது.

"கொஞ்சங் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். "ஆனா நான் சொல்ற அளவுலதான். நீங்களா திடீர்னு விட்டுடாதீங்க, புனிதன்."

அளவு குறைந்த மாத்திரையைக் கொடுத்தார். புனிதன் அவர் சொன்னபடியே விழுங்கினான். கூடவே, இந்த மாத்திரையிலிருந்து நல்லபடியாக வெளியே வந்தால் பால்குடம் எடுப்பதாகத் தோட்டத்து அம்மனிடமும் வேண்டிக்கொண்டான். வினை அங்கேதான் பிடித்தது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் கறி கூடாது, பீர் கூடாது, சிகரெட் கூடாது. காப்பை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையையும் தாண்டக்கூடாது. எல்லை என்பது கேட்டிலும் மூலைகளிலும் பூசாரி கட்டிவைக்கும் வேப்பிலைக் கொத்துதான். பூசாரி அர்ச்சுனன் வழக்கம்போல, "லாகிரி வஸ்து ஏதும் இருந்தா இங்கயே விட்டுடுங்க" என்றார். எல்லாருக்கும் சொல்வதுதான். புனிதன் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டான். அப்போது அவன் முகத்தில் வந்த ஒளியைப் பார்த்துக் கொசுக்கள் விளக்கென்று நினைத்து மொய்த்தன.

அதன் பிறகுதான் தூக்கம் வந்து விழுந்தது. நின்றுகொண்டு தூங்கினான். குளித்துக்கொண்டு தூங்கினான். விழித்திருக்கும் நேரம் அதைவிட மோசம். யாரோ ஒரு லோரிக் குலையை நெஞ்சில் கொட்டிவிட்டு, எடை போடாமலே போய்விட்டதுபோல் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் சொன்னான்:

"செத்துப் போயிடலாம்னு பாத்தா, அதுக்கும் எந்திரிக்கணுமேன்னு அலுப்பா இருக்கு, வல்லி."

அவன் சொல்வதற்கெல்லாம் சிரிக்கும் மனைவி குமுதவல்லி இதற்குச் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர் ஷஹீதா. "ஒரு நிமிஷங்கூடத் தனியா விடாதீங்க. அது கட்டுப்பாட்டுல இருக்கற மருந்தும்மா, ஆளைப் பாக்காம குடுத்தனுப்ப முடியாது."

புனிதனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கேட் வரை கொண்டுபோனாள். வேப்பிலைக் கொத்தைக் கண்டதும் இறங்கிவிட்டான். செருப்பு நுனியை எல்லைக்கு நேராக வைத்து நின்றான். எதிரே சிரம்பான் பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. பின்னால் உண்டியல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் மட்டும் இருந்தான். பஸ் வந்தது, கதவைத் திறந்தது, மூடியது, போயிற்று.

"வேண்டுதலை ஒடச்சிட்டு எங்க போனாலும் வெளங்காது" என்றான்.

குமுதவல்லி வண்டியைத் திருப்பி அவனையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோரும் கோயில் தலைவருமான மணியம் அங்கே பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். கூடவே பூசாரி இருந்தார்.

"உண்டியலைத் தொறங்க, மாமா. டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையையாவது குடுக்கறேன்."

"திருவிழா முடியாம எப்படிம்மா தொறக்கறது. அம்மன் சொத்துலா அது."

"ஏன், அம்மனுக்கும் கவனம் செதறுதா?"

மணியம் தலையைச் சொறிந்தார்.

"சரி, இவரு எல்லையத் தாண்டட்டுமா?"

"காப்புக் கட்டுனவன் தாண்டுனா தோட்டத்துக்கே ஆவாதும்மா."

"உண்டியலும் தொறக்காது, இவரும் தாண்டக்கூடாது. அப்ப எல்லைய நகத்துங்க."

மணியம் பூசாரியைப் பார்த்தார். அர்ச்சுனன் அம்மனைப் பார்த்தார். அம்மன் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

"எல்லை கட்டறது நாமதான?" என்றார் பூசாரி மெதுவாக. "கட்டிக்கிட்டே போவலாம். ஆனா ஒண்ணு. யாரு வேண்டுதலுக்காகக் கட்டறமோ, அந்த வேண்டுதல் முடியறவரைக்கும் எல்லைய அவுக்க முடியாது. கட்டுன கையில இருக்கற காப்பும் அப்படித்தான்."

"அதுக்கென்ன, திருவிழாவோட முடிஞ்சிரும். கட்டுலா" என்றார் மணியம்.

குலை லோரி ஒன்றில் தோட்டத்து வேப்பமரங்களில் பாதியை ஏற்றினார்கள். முன்னே உருமி. பூசாரியும் மணியமும் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் கொத்தைக் கட்டிய பிறகே லோரி அந்தக் கம்பம்வரை நகர்ந்தது. பின்னால் குமுதவல்லியின் மடியில் தலைவைத்துக் கிடந்த புனிதன் ஒரு விரல்கூட எல்லைக்கு வெளியே நீட்டவில்லை. சிரம்பானில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் அசையாமல் நின்றதால் கம்பமென்று நினைத்து அவருக்கும் கட்டிவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் ஊரெல்லை மாறிவிட்டதென்று கைகாட்டி வண்டிகளை ஒதுக்கிவிட்டார். கடைசிக் கொத்து லோபாக்கில் கிளினிக் கதவின் கைப்பிடியில் ஏறியது.

டாக்டர் மற்றவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, சாவைப் பற்றிப் புனிதனிடம் நேராகவே கேட்டார். அவனும் நேராகவே சொன்னான். சொன்ன பிறகு நெஞ்சிலிருந்து ஒரு குலை இறங்கியது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"மறுபடியும் அந்தச் சின்ன அளவுலேருந்து ஆரம்பிப்போம். வாராவாரம் வந்து பிரஷர் பாக்கணும். பசிக்கலன்னாலும் சாப்பிடணும், தூங்கணும். அந்த மாதிரி நெனப்பு வந்தா அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காம உடனே கூப்பிடணும். அப்புறமா இன்னும் கொஞ்சம் குறைப்போம்."

"எப்ப முடியும், டாக்டர்?" கதவைத் திறந்து கேட்டது மணியம்.

"அவசரமே இல்ல. தீபாவளி தாண்டிடும்."

மணியம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

திருவிழா முடிந்தது. தோட்டமே காப்பை அவிழ்த்துவிட்டுக் கோழி அறுத்தது. புனிதன் மாத்திரையை விட்டுப் பால்குடம் எடுக்கும்வரை அவிழ்க்க முடியாதென்று, அவன், பூசாரி, தலைவர் மூவரின் கையில் மட்டும் மஞ்சள் கயிறு இருந்தது. வாரம் ஒருமுறை லோபாக் வரை புது வேப்பிலை கட்டிவிட்டு வந்தார்கள். காலையில் புனிதன் மாத்திரை விழுங்கும் நேரத்துக்கு மணியம் எடைமேடைக்கு வந்துவிடுவார்.

"பாதியா ஒடச்சிப் போட்டா சீக்கிரம் முடியாதாடா?"

"டாக்டர் சொல்லல, மாமா."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்?"

"மாமா."

"சரிலா. கேட்டேன்." பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து கோழிக் குழம்பு வாசம் வந்தது. அவர் மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

புனிதன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நெஞ்சில் பாரம் இருந்தது. கேட்டில் வேப்பிலை இருந்தது. முதல் லோரி மேடையில் ஏறி நின்றபோது, குரங்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியது.

அவன் பேனாவைக் கொடுக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ரசீதில் தானே கையெழுத்துப் போட்டான். கோணலாகத்தான் வந்தது.