மேற்குக் கம்பத்து ஸ்பீக்கர்

ஏணியில் நின்றபடி கடைசித் திருகைக் கழற்றியதும் ஸ்பீக்கரின் முன்மூடி கையோடு பெயர்ந்து வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அவன் மாட்டியபோது கன்னங்கரேலென்று இருந்த மூடி. இப்போது வெளிறிப்போய், விரல் பட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. உள்ளே காகிதக் கூம்பைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் விளிம்பில் பாதியைக் காணவில்லை. மீதி, தொட்டதும் சருகாக நொறுங்கியது. பிடிமானம் போன கூம்பு ஒரு பக்கமாய்ச் சரிந்து, பின்னாலிருந்த காந்தத்தில் உரசி உரசித் தேய்ந்திருந்தது.

அவன் கல்குவாரி எலக்ட்ரீஷியன். வெடி வைக்கும் முன் ஆட்களை விலகச் சொல்லும் நான்கு ஸ்பீக்கர்களும் அவன் பொறுப்பு. மூன்றுக்குக் கூரை நிழல் உண்டு. இந்த ஒன்று மட்டும் மேற்குப் பார்த்து நின்று, உச்சிப்பொழுது சாய்ந்ததிலிருந்து அந்திவரை மொத்த வெயிலையும் வாங்கியது. இதற்குக் கீழேதான் அவன் தங்கையின் கணவர் பாறையில் துளை போடுவார். ஒன்பது நாளைக்கு முன் அங்கேயே, சிதறி வந்த கல் பட்டுச் செத்துப்போனார்.

மற்ற மூன்று பக்கத்து ஆட்களுக்கும் எச்சரிக்கை கேட்டிருந்தது. மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போனும் இயர்போனும் கிடந்தன. "பாட்டு கேட்டுக்கிட்டு இருந்திருப்பாரு" என்றார் மேனேஜர். அவனும் தலையாட்டினான். தங்கையிடம் போய் அதைச் சொன்னவனும் அவன்தான்.

ஒரே நாளில் ஊமையாகியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த குரல். மாதாமாதம் சோதித்துப் பார்க்க அறைக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்துவான். ஏதோ ஒரு ஸ்பீக்கர் அலறும். நோட்டில் நாலுக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுவான். ஒருநாள் மாப்பிள்ளைகூடச் சொன்னார்: "மச்சான், உங்க ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

"மாத்திரை வாங்கிக் குடுங்க மாப்ளே" என்றான். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கழற்றியதை மேனேஜரின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தான். அவர் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதுசு வரும். இத உடைச்சுக் குப்பையில போட்டுருங்க. உங்க கையெழுத்துதான் நோட்டுல இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க."

குப்பையில் போடாமல் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்கு நடந்தான். அவள் துணி ஊறவைக்க வாளியை உள்ளே குழாயின் கீழ் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"செத்தவங்க மேல கோபப்படக் கூடாதுங்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருதுண்ணே. ஒரு பாட்டுக்காக எங்களத் தூக்கிப் போட்டுட்டாரே."

அவனுக்கு அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"அவருக்குக் கேட்டிருக்காதும்மா. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் வெயில்ல வெந்து எப்பவோ போயிடுச்சு."

"அதப் பாத்துக்கறது யாரு?"

"நான்தான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஒன்பது நாளா அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ராத்திரி பகலா திட்டினேன். நீ பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த."

"அப்போ எனக்குத் தெரியாதும்மா."

"பாட்டு கேட்டாருன்னு மட்டும் தெரிஞ்சுதா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்; தாழ்ப்பாள் விழுந்தது. கூப்பிட வாயெடுத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான். உள்ளே வாளி நிரம்பிவிட்ட சத்தம் கேட்டது. குழாயை மூட யாரும் எழுந்து போகவில்லை. சற்று நேரத்தில் நிலைப்படிக்கு அடியிலிருந்து ஒரு கோடாய்த் தண்ணீர் வந்து, அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியது.