மெஷினே இல்லாத வீடு

இதை நான் சொல்லவே இல்லையே. சொல்லாததைச் சொல்வதுதான் என் பிழைப்பு, அது வேறு. எத்தனை பேய்களுக்காக அலறியிருக்கிறேன், எத்தனை பேருடைய பிள்ளைகளை இந்த மைக் முன்னால் நின்று பெற்றுப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் மக்கர் பண்ணாத தொண்டை இந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது?

"மேடம், போலாமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் ஹெட்போனில் கேட்டது. அவருக்குக் 'காது' என்றே பட்டப்பெயர். மூன்றாவது அறையில் யாருக்காவது பசியில் வயிறு இரைந்தால்கூட இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். டப்பிங் மைக் முன்னால் நின்ற அவள் தலையாட்டினாள்.

திரையில் கதாநாயகி ஒரு வாஷிங் மெஷின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். பேச வேண்டியது இவள். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் காகிதங்கள் சோப்பு நுரையோடு சுழன்றன. கணவனாக நடிப்பவன் தலையில் கை வைத்து, "ஐயோ, என் நாவல்!" என்று தரையில் உட்கார்ந்தான்.

"குப்பைன்னு நெனச்சேன்! இதுல ஒரு வரியாவது நல்லா இருந்தா நான் தொவைச்சிருப்பேனா?" என்றாள் அவள். கதாநாயகியின் வாய் மூடிய பிறகும் இவள் குரல் தனியாக ஓடியது.

"லேட்டாயிடுச்சு மேடம். இன்னொண்ணு."

அடுத்த முறை முந்திக்கொண்டாள். அதற்கடுத்த முறை உதடு பொருந்தியது, உயிர் இல்லை.

"என்ன மேடம், ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி இருக்கு? நீங்க எப்பவும் ஒரே டேக்ல முடிக்கறவங்களாச்சே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், 'காது'வின் பின்னால் சோபாவில் இயக்குநரும், கதை வசனம் எழுதியவரும் உட்கார்ந்திருந்தார்கள். வசனம் எழுதியவர் அவள் கணவர். எழுத வராமல் வருஷக்கணக்கில் திண்டாடும் ஓர் எழுத்தாளனையும், அவனைப் படாத பாடு படுத்தும் மனைவியையும் பற்றிய நகைச்சுவைப் படம். படித்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் அவளும் சிரித்தாள். அந்த மனைவி தூக்கத்திலும் சண்டை போடுகிறாள், போனில் பேசினால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. போகட்டும், கொஞ்சம் உண்மைதான் என்று அதற்கெல்லாம் குரல் கொடுத்தாள். பாதிப் படம் முடிந்துவிட்டது.

இந்தக் காட்சிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கல்யாணமான புதிது. ஒரு நாள் அவள் ரெக்கார்டிங் முடிந்து வீடு திரும்பியபோது அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பதிப்பகம் திருப்பி அனுப்பிய நாவலைப் பக்கெட் தண்ணீரில் அவரே அமுக்கியிருந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். இடம் போதாமல் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் விரித்தாள். காய்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். தேய்க்கும்போது ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்த வரி நல்லா இருக்குங்க" என்று வாசித்துக் காட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார்.

அன்று அவள் சொன்னது அதுதான். அந்த வாய்க்குத்தான் இன்று இந்த வசனம்.

படம் ஆரம்பித்ததிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் மெஷின் கதையை வீட்டில் நடந்ததாகவே சொன்னார். டிவி பேட்டியிலும் சொன்னார். மாமியார் போன் பண்ணி, "எம்புள்ள வயித்தெரிச்சல் உனக்கு வெளையாட்டா போச்சா?" என்று ஒரு பாட்டம் தீர்த்தார். அதையாவது துடைத்துப் போட்டுவிடலாம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல், "அப்பா கதைய நீயாம்மா தொவைச்சே?" என்றாள். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"போம்மா, சமாளிக்காத. அப்பா டிவியிலயே சொல்லிட்டாரு."

இனிமேல் படத்தில் அம்மாவே தன் குரலில் சொல்லுவாள். அதற்கு மேல் யாரிடம் போய் என்ன வாதாடுவது?

அவள் மைக்கில் இயக்குநரை அழைத்தாள். அவரும் கணவரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

"இந்த வரிக்கப்புறம் அந்தப் பொண்ணு மெஷின் பக்கம் திரும்பி நிக்கறா. முதுகுதான் தெரியுது" என்றாள். உதடு தெரியாத இடம் டப்பிங்காரர்களுக்கு அடிக்கிற அதிர்ஷ்டம். அங்கே எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம், யாருக்கும் தெரியாது. "அங்க ஒரு வரி சேத்துக்கலாமா? 'தண்ணியில போட்டது நீங்கதானே'ன்னு மட்டும்."

இயக்குநர் மோவாயைச் சொறிந்தார். "ஜோக் செத்துடும் அண்ணி. தியேட்டர்ல இந்த எடத்துல விசில் பறக்கும்."

"அப்படிப் போட்டா ஹீரோ கெட்டவனாயிடுவான்மா" என்றார் கணவர்.

"கெட்டவன் இல்லீங்க. கஷ்டத்துல இருந்தவன்."

"அழுமூஞ்சிப் படமா எடுக்கறோம்? ஒரு வரி, அதப் போய் இந்த இழு இழுக்கறே. சினிமாதானே!"

"சினிமான்னா சினிமாவோட விட்டிருக்கணும். வீட்டுல நடந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தது யாரு?"

"நடந்ததுதானே?"

அவள் அவரைப் பார்த்தாள். கேலி இல்லை, கள்ளத்தனம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஏங்க, நம்மகிட்ட அப்ப வாஷிங் மெஷினே கிடையாதே."

"ஏன் இல்ல? பால்கனியில இருந்துச்சு. வெள்ளைக் கலரு. மூடி கொஞ்சம் ஒடஞ்சிருக்கும்."

"அது பக்கத்து வீட்டு பால்கனிங்க. அவங்க மெஷின்."

"அட, நான்தானே உக்காந்து பாத்தேன்? பேப்பரெல்லாம் உள்ள சுத்துது, நீ சிரிக்கறே..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 'காது' தன் கருவியின் குமிழ்களைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறி, அங்கேயே போக்கிடம் இல்லாமல் நின்றது. பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம், பிடிக்கலாம், மடக்கலாம். ஞாபகம் வைத்திருக்கிறவரை என்ன செய்வது? எழுதி எழுதி, திருத்தித் திருத்தி, பக்கெட்டை அவர் எங்கோ தொலைத்துவிட்டார். மூடி உடைந்த வெள்ளை மெஷினுக்கு அவர் தலைக்குள் கரண்ட் கனெக்‌ஷனே கொடுத்தாயிற்று. அதோடு அந்தச் சுவர்ப்பக்கத்து அழுகையும் போய்விட்டது. அழாத ஒருவரைத் தேற்றியவள் என்று இந்த உலகத்தில் யாரும் இருக்க முடியாது.

"அண்ணி, உங்க குரல்ல ஒரு இயல்பு இருக்கு. அண்ணனே சொல்லிட்டாரு, வேற யாரும் வேணாம், இவ பேசினாத்தான் நம்புவாங்கன்னு" என்றார் இயக்குநர். "ஒரே டேக். நல்லா வாய்விட்டு, கொஞ்சம் சிரிப்போட. எனக்காக."

இவ பேசினாத்தான் நம்புவாங்க. அவர் அப்பாவியாகத்தான் சொல்லியிருப்பார். அவள் ஹெட்போனைச் சரி செய்துகொண்டு திரையைப் பார்த்தாள். காது காட்சியை ஓட்டினார். நுரை சுழன்றது. சத்தமில்லாமல் உதட்டுக்குள்ளேயே வரியை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். இந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது. இடுப்பில் தன் கை தானாகவே போய் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பால்கனியில் ஈரமான வெள்ளை மெஷின் ஒன்று கடகடவென்று ஆடுவது போல ஒரு கணம் தோன்றியது.

ஐயோ, எனக்கும் வந்துவிடும். இன்னும் நாலு தரம் சொன்னால் எனக்கும் அந்த மெஷின் ஞாபகம் வந்துவிடும். பிறகு பக்கெட்டைத் தெரிந்தவர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள்.

"என்னம்மா? தண்ணி வேணுமா?" என்றார் கணவர்.

"இல்லீங்க. நான் இதைப் பேசல."

"பேசலன்னா? ஒரு சீனுக்கு மட்டும் இன்னொருத்தி குரலா வரும்? மொதல்லேருந்து எல்லாத்தையும் மறுபடி பேச வெக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும். வெச்சுக்கோங்க."

"ஏய், ஒரு வரி. ஒரே ஒரு வரி."

"நான் பேசலங்க" என்றாள் அவள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.