வேம்படி அரிவாள்

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி சுந்தரம்மாள் கயிற்றுக்கு வெளியே நின்றாள். நேற்றுவரை அந்தக் கயிறு இல்லை. புங்கைக்கும் புங்கைக்கும் இடையே மஞ்சள் நைலான் கயிறு கட்டி, வேப்பிலை செருகியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் கண்ணுச்சாமி, ஊர்க்காரர்கள் சூழ, அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாமி இருக்க எடம். காலனி ஆளுக இங்கனயே நின்னு கும்பிட்டுக்கிருங்க.”

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழகர்கோவில் ரோட்டோரம் ஆடுகூட ஒதுங்காத பொட்டல் அது. அவளும் புருஷன் முத்திருளனும் கூலிவேலை முடிந்த கையோடு கண்மாய்த் தண்ணீரைச் சுமந்து ஊற்றி, முள் அடைத்து, ஒவ்வொரு கன்றாக ஆளாக்கினார்கள். ஊரே கெக்கலி கொட்டியது. முத்திருளன் செத்த வருஷம் பொட்டல் காடாகியிருந்தது.

போன தையில் பிளாட் போடுகிறவர்கள் பொக்லைனோடு வந்து நின்றார்கள். கேட்பதற்கு நாதியில்லை. பெரிய வேம்படியில் புருஷனின் அரிவாளை ஊன்றி, மஞ்சள் துணி சுற்றி, கருப்பசாமி இறங்கிவிட்டார் என்று சொல்லிவிட்டாள். பொக்லைன் டிரைவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு வலிக்கச் சிரித்தாள். சாமி என்று ஆகிவிட்டால் ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அப்போது உறைக்கவில்லை. தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

செருப்புக் காலோடு கயிற்றைத் தாண்டினாள். எல்லோரும் எழுந்தார்கள். அவளைத் தொட்டு நிறுத்த ஒருவருக்கும் கை வரவில்லை. நேரே வேம்படிக்குப் போய் அரிவாளின் பிடியைப் பற்றினாள்.

“புடுங்கு,” என்றார் கண்ணுச்சாமி. “நாளைக்கே பொக்லைன் வரும். ஒத்த மரம் நிக்காது.”

அந்தப் பிடியில் முத்திருளனின் கைத்தடம் தேய்ந்து கிடந்தது. கண்ணுச்சாமி சொன்னது நிஜம். அதனாலேயே அந்த ஆளைக் கண்டதுண்டமாக வெட்டலாம் போல வந்தது. பிடியை விட்டாள். குடத்துத் தண்ணீரை வேரில் கவிழ்த்தாள். பிறகு அரிவாளுக்குப் பக்கத்திலேயே, மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“நா இங்கனதேன் இருப்பேன். முடிஞ்சா தொட்டுத் தூக்குங்க.”

ஒருவரும் நகரவில்லை. காற்றடித்தது. அரிவாள்மேலும் அவள் தலைமேலும் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.